மலை சைக்கிளுக்கு எடை குறைந்த சக்கரம்: மாற்றிப் பார்த்தவர்கள் அனுபவத்தைப் பகிரவும்

கூடலூரான்:

இரண்டு மாதமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியை எழுதிவிடுகிறேன். என்னுடையது இருபத்தேழரை அங்குலச் சக்கரமும் பின்னால் ஏழு பல்சக்கரமும் கொண்ட, டிஸ்க் பிரேக் வைத்த சாதாரண மலை சைக்கிள். லோயர் கேம்ப் பவர் ஹவுஸைத் தாண்டிக் குமுளி ஏற்றம் தொடங்கியதும் யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல் இருக்கும் என்பதை இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று கேள்விப்பட்டு, கட்டப்பனையில் ஒருவர் விற்ற பழைய சக்கர ஜோடியை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். கையில் தூக்கியபோது முறத்தைத் தூக்குவது போல இருந்தது. அந்த மகிழ்ச்சியில் எதையும் அளந்து பார்க்கவில்லை.

கூடலூரில் பல வருடங்களாக ஓவராலிங் செய்துவரும் பெரியவரிடம் மறுநாள் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தை வண்டியில் மாட்டிப் பார்க்கக்கூட முயலவில்லை. ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், துளையில் தம் சுண்டு விரலை விட்டு, சக்கரத்தை அந்த விரலிலேயே தொங்கவிட்டு, "தம்பி, இதுல ஆக்சில் எங்க?" என்று கேட்டார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த இருவர் சிரித்துவிட்டார்கள். என் வண்டியில் பின் சக்கரம் மாட்டும் கவை 135 மில்லிமீட்டர் அகலமும், மெல்லிய கம்பியை ஊடே செலுத்தி இறுக்கும் அமைப்பும் கொண்டது. நான் வாங்கியதோ 12 மில்லிமீட்டர் தடித்த அச்சு ஊடுருவிச் செல்லும் 142 மில்லிமீட்டர் ஹப். அது போதாதென்று, என் ஏழு பல்சக்கரத்தைத் திருகிப் பூட்டுவதற்கு வேண்டிய மரையும் அதில் இல்லை. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் விற்றது நல்ல பொருள்தான், நான் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் கிரீஸ் படிந்த அந்த விரலில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

போடி மெட்டு:

கூடலூர் நண்பர் வருத்தப்படுவதில் பாதி தேவையற்றது என்பது என் கருத்து. மரை இல்லாத ஹப் கிடைத்ததற்கு அவர் மகிழ வேண்டும். ஏன் என்று என் கதையைக் கேட்டால் புரியும்.

நான் புதிதாகவே வாங்கினேன். விலை மலிவு, எடையும் பழையதைவிடக் குறைவு, என் பழைய பல்சக்கரம் அப்படியே திருகிக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் போடிமெட்டுச் சாலையில், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில், எழுந்து நின்று மிதித்தபோது காலுக்குக் கீழே ஏதோ இளகியது. இறங்கிப் பார்த்தால் பல்சக்கரத் தொகுதி, காற்றில் ஆடும் தொப்பியைப் போலக் கோணலாக நின்றது. உள்ளே அச்சு இரண்டு துண்டாகியிருந்தது, ஆனால் ஊடே சென்ற கம்பி இறுகியிருந்ததால் சக்கரம் விழவில்லை. ஏலத்தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பில் சைக்கிளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஊர் சேர்ந்தேன்.

திருகிப் பூட்டும் வகையில் வலப்பக்கத்துப் பால்ரஸ் ஹப்பின் கூட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, பல்சக்கரம் முழுவதும் அதற்கு வெளியே இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்து அச்சு நீளமாகத் தாங்கலின்றி நிற்கிறது. கனத்த ஆள் மேட்டில் மிதித்தால் முதலில் வளைகிறது, பிறகு முறிகிறது. கேசட் (மரையில் திருகாமல் ஹப்பின் மேல் செருகும் பல்சக்கரத் தொகுதி) மாட்டும் ஹப்பில் பால்ரஸ் வெளி ஓரம்வரை வந்துவிடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. நண்பர் செய்ய வேண்டியது, ஏழு பல்சக்கரம் கொண்ட கேசட் ஒன்றையும் அதற்குப் பின்னால் போட 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றையும் வாங்குவதுதான். கியர் மாற்றியையும், சங்கிலியை நகர்த்தும் டெரெய்லரையும் தொட வேண்டியதில்லை.

கூடலூரான்:

போடி நண்பருக்கு நன்றி. ஆனால் என் பதிவை முழுமையாகப் படிக்கவில்லை என்று தோன்றுகிறது. பல்சக்கரத்துக்கு வழி உண்டு என்பதைப் பெரியவரும் சொன்னார். அச்சு பொருந்தாததுதான் இப்போது சிக்கல். சக்கரம் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது, வீட்டில் தினமும் பார்வை விழுகிறது.

குழித்துறை வாசி:

எடை எடை என்று அலைந்த எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் உடல் எடை 92 கிலோ. இதை முதலிலேயே எழுதக் காரணம், வாங்கும்போது இதை நானே மறந்துபோனேன். ஒரு சக்கரத்துக்கு 28 கம்பி, மெல்லிய ரிம், கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் நிப்பிள்கள் அனைத்தும் அலுமினியம். நீல நிறத்தில் பார்க்க அழகாகவே இருந்தன.

எங்கள் பக்கத்தில் கடல் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. வீட்டுக் கிரில் கதவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும். ஒரு மழைக்காலம் முடிந்து, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து மண்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். "டிங்" என்று ஓர் ஒலி கேட்டது. கல் தெறித்தது என்று நினைத்தேன். சிறிது தூரத்தில் இன்னொன்று. மூன்றாவது ஒலி கேட்டபோது பின் சக்கரம் டிஸ்க் பக்கமாகச் சாய்ந்து கவையை உரசத் தொடங்கியிருந்தது. இறங்கிச் சக்கரத்தைக் கழற்றி ஆட்டினேன். ரிமுக்குள் குழந்தையின் கிலுகிலுப்பை போல ஏதோ உருண்டது. உடைந்து விழுந்த நிப்பிள் தலைகள்தாம் அவை. பிற்பாடு டயரைக் கழற்றிக் கையில் கொட்டிப் பார்த்தபோது வெள்ளைத் தூள் பூத்து, நகத்தால் கிள்ளினாலே உதிரும் நிலையில் இருந்தன.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அலுமினிய நிப்பிளும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் தின்னப்படும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் பிறகுதான் கற்றேன். பித்தளை நிப்பிள் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான் மிச்சப்படுத்தியது நாற்பது கிராமுக்கும் குறைவு. அந்த நாற்பது கிராமுக்காக ஏழு கிலோமீட்டர் சைக்கிளைத் தோளில் சுமந்தேன்.

வாளையார் வழிப்போக்கன்:

அனைவரும் சக்கரத்தையே பேசுகிறீர்கள். எனக்கு நேர்ந்தது சிறியது: ஒரு நாள் பஞ்சர் பார்க்கக் கழற்றிய பின் டயரையும் டியூபையும் பக்கத்து மளிகைக் கடையின் மின்தராசில் வைத்தேன். கடைக்காரர் பருப்பு மூட்டையை ஒதுக்கி இடம் கொடுத்தார். டயர் மட்டும் 910 கிராம் காட்டியது. சக்கரம் வாங்க வைத்திருந்த பணத்தை அன்றே சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.

இனி என் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். ஓரத்தில் எஃகுக் கம்பி வைத்த டயரை மடிக்கும் வகை டயராக மாற்றினால் ஒன்றுக்கு நூற்றைம்பது முதல் இருநூறு கிராம்வரை குறையும். கனத்த ரப்பர் டியூபை மெல்லிய டியூபாக மாற்றினால் மேலும் சிறிது குறையும். இந்த எடை சக்கரத்தின் வெளி விளிம்பில் இருந்து போகிறது. ஹப்பில் குறையும் 100 கிராமும் விளிம்பில் குறையும் 100 கிராமும் ஒன்றல்ல. விளிம்பில் உள்ள எடை வண்டியோடு முன்னே நகர்வதோடு சுற்றவும் வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்காகும். விற்பவர் ஜோடியின் மொத்த எடையைச் சொல்லும்போது ரிமின் எடை எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சீரான வேகத்தில் மேடேறும்போது அந்த இரண்டு மடங்குக் கணக்கும் செல்லாது. அங்கே மொத்த எடைதான் பேசும். நான், வண்டி, தண்ணீர் போத்தல் எல்லாம் சேர்ந்து 90 கிலோ. சக்கரத்தில் 600 கிராம் குறைத்தால் முக்கால் சதவீதம்கூடக் குறையவில்லை. நாற்பது நிமிட ஏற்றத்தில் எனக்குக் கிடைப்பது பதினாறு விநாடி. அதற்கு எத்தனை ஆயிரம் கொடுப்பது என்பது அவரவர் விருப்பம்.

அப்படியும் சக்கரம்தான் வேண்டும் என்றால், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். இருபத்தாறு அங்குலத்துக்கு 559, இருபத்தேழரைக்கு 584, இருபத்தொன்பதுக்கு 622. அடுத்து, பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கவைகளுக்கு இடையே உள்ள அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். டிஸ்க் ஆறு திருகாணியில் நிற்கிறதா, நடுவில் பல்வெட்டிப் பூட்டும் வகையா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது வகை ஹப்பில் ஆறு திருகாணி டிஸ்க்கை மாட்ட அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் முதல் வகை ஹப்பில் மற்றதை மாட்ட முடியாது. வி பிரேக் வைத்திருப்பவர்கள் டிஸ்க்குக்கென்றே செய்த ரிம்மை வாங்கிவிட வேண்டாம், பிரேக் கட்டை உரசுவதற்கான தளம் அதில் இருக்காது. கூடலூர் நண்பர் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை.

புளியரை:

வாளையார் அன்பரின் பதினாறு விநாடியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் எந்தச் சாலையில் சீரான வேகத்தில் நாற்பது நிமிடம் ஏறுகிறார் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குச் செல்லும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு ஏறும். ஒவ்வொரு லாரிக்கும் ஓரங்கட்டி, காலை ஊன்றி, மறுபடி நின்ற இடத்திலிருந்து மிதித்தெழ வேண்டும். ஆரியங்காவு போய்ச் சேருவதற்குள் இருபது முறையாவது அப்படி நடக்கும். அங்கே விளிம்பின் எடை தெரியத்தான் செய்கிறது. டயரை முதலில் மாற்றச் சொன்னது மட்டும் சரி.

நான் சக்கரம் வாங்கவில்லை, கட்டிக்கொண்டேன். என் ஹப்புகள் நன்றாக இருந்ததால் அவற்றை வைத்துக்கொண்டு ரிம்மையும் கம்பிகளையும் மட்டும் மாற்றினேன். ஹப் பழையதே என்பதால் அச்சு, பல்சக்கரம், டிஸ்க் எதிலும் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை. பழைய ரிம் தராசில் 640 கிராம், புதியது 450. நடுப்பகுதி மெலிந்த கம்பிகளையும் பித்தளை நிப்பிள்களையும் போட்டேன்.

என்னை உறுத்துவது முதல் தடவை கட்டியவரின் வேலை. சக்கரம் கோட்டமின்றி நேராகச் சுழன்றது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் ஓட்டத்தில் கம்பிகள் அடுப்பில் சோளம் பொரிவது போலப் படபடவென்று ஒலித்தன. மெல்லிய கம்பி நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டிருந்து, பாரம் ஏறியதும் திரும்பி விடுபடும் ஒலி அது என்று அப்போது எனக்குத் தெரியாது. நாற்பது கிலோமீட்டரில் சக்கரம் பாம்பாக நெளிந்தது. அடுத்த மாதத்துக்குள் இரண்டு கம்பிகள் ஹப்பின் அருகில் வளையும் முழங்கையிலேயே முறிந்தன.

செங்கோட்டையில் வேறொருவரிடம் போனேன். அவர் நிப்பிள் சாவியைத் தொடுவதற்கு முன் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். "எல்லாம் தொளதொளன்னு இருக்கு" என்றார். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் கால் சுற்று அதிகமாகத் திருகி, அந்தக் கால் சுற்றைப் பின்னால் விட்டார். ஒரு சுற்று முடிந்ததும் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் சேர்த்து, கையின் நரம்பு புடைக்கும்வரை நெரித்தார், சக்கரம் கிறீச்சிட்டது. பிறகு மறுபடி கோட்டம் பார்த்தார், மறுபடி நெரித்தார். இப்படி நான்கு முறை. கூலியாக 400 ரூபாய் கேட்டார். அதற்குப் பின் சக்கரம் ஒலி எழுப்பவில்லை. பதிமூன்று கண் பாலம்வரை எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன், ஒரு கம்பிகூட முறியவில்லை. தொய்ந்த கம்பி சக்கரம் உருளும்போதெல்லாம் இளகி இறுகி, இளகி இறுகி, முழங்கையில் களைத்து முறிகிறது என்று அவர்தான் விளக்கினார்.

குழித்துறை நண்பர் 28 கம்பியைக் குறை சொல்ல வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். இழுவிசை சரியாக இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும்.

குழித்துறை வாசி:

நிப்பிள் தலை தூளாகிப்போனபின் இழுவிசை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐயா? 92 கிலோவுக்கு 32 கம்பிக்குக் குறைந்து இனி நான் ஏற மாட்டேன்.

கூடலூரான்:

அனைவருக்கும் நன்றி. இதை எழுதிய பிறகு ஹப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரு ஓரங்களிலும் உள்ள மூடிகளைக் கையால் இழுத்தாலே கழன்று வருகின்றன. உள்ளே அடைத்த பால்ரஸ் இருக்கிறது. இப்படிப்பட்ட சில ஹப்புகளுக்கு 135 மில்லிமீட்டர் மூடி தனியாகக் கிடைக்கும் என்று பெரியவரும் கேள்விப்பட்டிருக்கிறாராம். ஆனால் ஹப்பின் மேலிருந்த ஸ்டிக்கர் தேய்ந்து பெயர் தெரியவில்லை, மூடியின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். முன் சக்கரத்துக்கும் இதே கதைதான், அங்கே துளை 15 மில்லிமீட்டர். கட்டப்பனைக்காரரை அழைத்தபோது, எந்த நிறுவனத்தின் ஹப் என்று தமக்கும் நினைவில்லை, அந்த வண்டியையே எப்போதோ விற்றுவிட்டேன் என்றார்.

இதற்கிடையில் வாளையார் அன்பர் சொன்னபடி டயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குமுளி ஏறினேன். இரைச்சல் பாலத்தில் நின்று தண்ணீர் குடிக்கும் வழக்கத்தை விட்டு, நிற்காமல் போய்விட்டேன். டயரால்தானா, முந்தின நாள் மழை பெய்து குளிர்ந்திருந்ததாலா என்று சொல்லத் தெரியவில்லை. இதே வகை மூடியைக் கழற்றி மாற்றியவர்கள் யாராவது இருந்தால், அளவை மட்டும் எழுதுங்கள்.