என்பிஏ விசிட், டையர் 1, டையர் 2: உங்க அனுபவத்த சொல்லுங்க

நான் கோவை பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் லெக்சரர். போன வருஷம் எங்க டிபார்ட்மென்டுக்கு என்பிஏ (பிரான்ச் பிரான்ச்சா தரம் பாத்து அங்கீகாரம் குடுக்குற தேசிய வாரியம்) விசிட் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பல மாசம் எஸ்ஏஆர், அதாவது நம்மள நாமே மதிப்பிட்டு குடுக்குற அறிக்கை, எழுதுறதுலயே ஓடிருச்சு, ஒவ்வொரு பேப்பருக்கும் சிஓ-பிஓ மேப்பிங் (அந்தப் பாடத்துல கத்துக்குறது, டிகிரி முடிக்கிறப்போ வர வேண்டிய திறமையோட எப்படிப் பொருந்துதுன்னு காட்டுறது), அத பசங்க எவ்வளவு எட்டுனாங்கங்குற அட்டெயின்மென்ட் கணக்கு, பழைய ஃபைல தேடி எடுக்குறதுன்னு ராத்திரி வரைக்கும் உக்காந்திருப்போம், வீட்ல எல்லாரும் திட்டுனாங்க. ஆனா விசிட்ல வந்த ஒரு மேடம் அந்த ஃபைலையெல்லாம் ஓரமா வச்சிட்டு ஒரு இன்டர்னல் டெஸ்ட் ஆன்சர் ஷீட் கட்ட கையில எடுத்தாங்க. தெர்மோ பேப்பர். "இந்த என்ட்ரோபி கேள்விய பாதி பேர் தொடவே இல்லையே, அப்புறம் என்ன பண்ணீங்க?"னு கேட்டாங்க. அந்த டாபிக்க திரும்ப நடத்தி வச்ச ரீடெஸ்ட் பேப்பர எடுத்துக் குடுத்தோம், ஒவ்வொண்ணா புரட்டிப் பாத்தாங்க. அப்புறம் பசங்கள தனியா உக்கார வச்சுப் பேசுனாங்க, ஸ்டாஃப் யாரையும் உள்ள விடல. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, பசங்க படிச்சாங்களாங்குறத பசங்ககிட்டதான கேக்கணும்.

இதுக்கு முன்னாடி நான் வேலை பாத்த காலேஜ் வேற மாதிரி. இருபது பசங்களுக்கு ஒரு ஸ்டாஃப்ங்குற கணக்க காட்டுறதுக்காக, வராத ஆளுங்க பேர்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கும். 2024ல ஊழலுக்கு எதிரா வேலை செய்யுற அறப்போர் இயக்கம் வெளிய கொண்டு வந்தாங்களே, ஒரே ஆசிரியர் பேரு பல காலேஜ்ல முழுநேரம்னு, அது அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் விஷயம், ஆனா வியாதி ஒண்ணுதான். அந்த ஆள் இல்லாத கிளாஸ்ல உக்காந்தது யாரு, நம்ம பிள்ளைங்கதான்.

*

லெக்சரர் மேடம், நான் 2018 பாஸ்அவுட், இப்ப மெல்போர்ன்ல இருக்கேன். பிஆருக்கு (நிரந்தரமா தங்குற உரிமை) இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாங்குற அமைப்புல ஸ்கில் அசெஸ்மென்ட் போட்டப்பதான் டையர்னா என்னன்னே தெரிஞ்சுது. 2014 ஜூன்ல இந்தியா வாஷிங்டன் அக்கார்ட்ல (இன்ஜினியரிங் டிகிரிய நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்குற ஒப்பந்தம்) முழு உறுப்பினர் ஆயிருச்சு, ஆனா அந்த அங்கீகாரம் டையர் 1க்கு மட்டும்தான், அதாவது யுனிவர்சிட்டி, அட்டானமஸ் காலேஜ். எங்க காலேஜ் ஒரு யுனிவர்சிட்டிக்குக் கீழ வர்ற அஃபிலியேட்டட், டையர் 2. ரூம்மேட் டையர் 1, டிகிரி சர்டிஃபிகேட், டிரான்ஸ்கிரிப்ட்ட வச்சு அக்கார்ட் வழியில போயிட்டான். நான் சிடிஆர்ங்குற திறமை அறிக்கை எழுதணும், செஞ்ச இன்ஜினியரிங் வேலைய பத்தி மூணு கரியர் எபிசோட், வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரியா டைப் பண்ணேன். அட்மிஷனப்போ கேட்லயே 'என்பிஏ அங்கீகாரம் பெற்றது'ன்னு பெரிய போர்டு, எந்த டையர்னு ஒருத்தரும் சொல்லல. சேர்றதுக்கு முன்னாடியே பசங்களுக்கு இத சொல்லணும்.

*

தம்பி நல்லா சொன்னீங்க. என் பொண்ணுக்கு கவுன்சிலிங் டைம்ல ஒரு காலேஜ் ஆஃபீஸ்ல கேட்டேன், "எல்லாத்துக்கும் இருக்கு சார்"னாங்க. என்பிஏ சைட்ல போய்ப் பாத்தா சிவிலுக்கும் இசிஇக்கும்தான் இருக்கு, அவ கேட்ட ஏஐ டேட்டா சயின்ஸுக்கு இல்ல. ரெண்டு பேட்ச் வெளிய போனாத்தான் விண்ணப்பிக்கவே முடியுமாம், 2022ல ஆரம்பிச்ச பிரான்ச்னா 2027 ஆயிரும். நாக் (NAAC) அங்கீகாரம் வேற, அது மொத்த காலேஜுக்கும் குடுக்குறது, என்பிஏ ஒவ்வொரு பிரான்ச்சுக்கும் தனித்தனி. வருஷத்தையும் பாருங்க, ஆறு வருஷமோ மூணு வருஷமோதான் குடுப்பாங்க, பிள்ளை பாஸ்அவுட் ஆகுறப்போ அது செல்லுபடியாகுமான்னு காலேஜ்ல நேராவே கேளுங்க.