பெற்றாருக்குப் போகும் அறிவித்தல்: நேரம் குறித்து வைக்கலாமா, கூடாதா? (ஊர்ப் பெயர்களில் எழுதும் மூவரின் உரையாடல்)

நந்திக்கடல்:
இரவு பதினொரு மணிக்கு வகுப்புக் குறூப்பில் அறிவித்தல் போடும் பழக்கத்தை விடவேண்டும். ரெலிகிராமில் அனுப்பும் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கும் தெரிவு வரும். இரவிலேயே எழுதி, அடுத்த நாள் பின்னேரம் 6.30க்குக் குறித்துவிட்டுப் படுக்கலாம். செய்தி சேர்வரில் இருப்பதால், அந்த நேரம் ஆசிரியரின் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தாலும் போகும். பெற்றாரும் வேலையால் வந்து, பிள்ளையின் பையைப் பார்க்கிற நேரம் அது.

முத்தையன்கட்டு:
அங்கேதான் பிழை. 6.30க்குப் போன செய்தி 6.30க்கே பார்க்கப்படும் என்று நினைக்கிறீர்கள். கார்ட் போட்டு அளவாய் டேட்டா பாவிக்கிற வீட்டில், டேட்டாவைத் திறக்கும்போதுதான் அது வரும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை மழைக்காலம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து பரந்தன், கண்டாவளைப் பக்கம் வெள்ளம் என்றால் பாடசாலை திடீரென்று மூடப்படும். அதிபர் மூன்று மணிக்கு "நாளை பாடசாலை இல்லை" என்று போடுவார். ஞாயிறே குறித்து வைத்த "நாளை கணிதப் பரீட்சை, 7.15க்குப் பிள்ளைகள் வரவும்" 6.30க்கு அதன் கீழே வந்து விழும். பெற்றார் பிந்தி வந்ததைத்தான் நம்புவார்கள். பிள்ளை வெள்ளத்துக்குள் இறங்கும்.

நந்திக்கடல்:
எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் நாட்காட்டிக் குறி இருக்கிறது. அதைத் தொட்டால் குறித்து வைத்தவை எல்லாம் தெரியும், அழிக்கலாம்.

முத்தையன்கட்டு:
குறூப்பில் குறித்தவருக்கு மட்டும்தான் அது தெரியும், சேர். அவர் காய்ச்சலில் படுத்திருந்தால் அதிபராலும் நிற்பாட்ட முடியாது.

மாங்குளம் சந்தி:
இரண்டு பேரும் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மம்மாக்களை மறந்துவிட்டீர்கள். அவர்களுக்கு எஸ்எம்எஸ்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டும். கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்: "கூட்டம்" கண்ணுக்கு நாலு எழுத்து, கணக்குக்கு ஏழு. 70ஐத் தாண்டினால் 67 எழுத்துத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காசு வெட்டும். வணக்கம், அன்பான பெற்றாரே எல்லாம் வேண்டாம். திகதி, நேரம், என்ன கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

கூகிள் மெசேஜஸிலும் நேரம் குறிக்கலாம். ஆனால் அது அனுப்புபவரின் போனில் இருந்தே போகும். அந்த நேரம் போன் அணைந்திருந்தால் செய்தி போகாது.

வட்ஸ்அப்புக்கு வெளிச் செயலி போட்டு நேரம் குறிப்பவர்களும் கவனம். அப்படியானவை பெரும்பாலும் அணுகல்தன்மை (accessibility) அனுமதி கேட்கும். கொடுத்தால் அந்தச் செயலி திரையில் இருப்பதை எல்லாம் வாசிக்கலாம். பெற்றாரின் இலக்கங்கள் இருக்கும் போனில் அந்த அனுமதியைக் கொடுக்கவே கூடாது.

நந்திக்கடல்:
முத்தையன்கட்டு சொன்ன மழை விஷயம் நியாயம். அதற்காக முழுதாக விடத் தேவையில்லை. "நாளை", "இன்று" என்ற சொற்களைக் குறித்து வைக்கும் செய்தியில் எழுதவே கூடாது; கிழமையும் திகதியும் போடவேண்டும். கலண்டரில் போயா விடுமுறை நாளையும் பார்த்துவிட்டுக் குறிக்கவேண்டும்.

முத்தையன்கட்டு:
திகதி போட்டாலும் பரீட்சைச் செய்தி பரீட்சைச் செய்திதான், பெற்றார் பிள்ளையை வெளிக்கிடுத்துவார்கள். வசதிக் கட்டணம், தவணை முடிவுக் கூட்டம், தடுப்பூசி அட்டை போன்றவற்றை ஒரு கிழமைக்கு முன்னமே குறித்து வையுங்கள், மறுக்கவில்லை. பிள்ளையை வீட்டை விட்டு வெளிக்கிட வைக்கும் செய்தியை மட்டும் கார்த்திகை, மார்கழியில் கையால்தான் அனுப்பவேண்டும், அதுவும் அதிபரிடம் கேட்ட பிறகு.

நந்திக்கடல்:
மழை மாதங்களுக்கு அதை ஏற்கிறேன். சித்திரை, வைகாசியிலும் அதே கட்டுப்பாடு என்றால் சம்மதிக்கமாட்டேன்.