செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

எங்களிடம் இருப்பது 1965 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, இரண்டே சீட்டு, துணிக் கூரை. அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. மன்னார்குடிப் பக்கம் கிராமத்து வீட்டில், பத்தாயம் இருக்கும் கொட்டகையில் நிற்கிறது. போன ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் வண்டியைத் தொடவே இல்லை. மார்கழியில் ஒரு நாள் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் பம்ப் டக் டக்கென்று அடித்து அடங்கியது. சரி, கரண்ட் வருகிறது என்று இன்னும் திருப்பினால், செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சொலினாய்டில் ஒரே ஒரு டிக். செல்ஃப் அசையவில்லை.

பேட்டரி போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். இந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில், ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். அந்த அளவில் கிடைப்பதே பெரும்பாடு. அலைந்து வாங்கி மாட்டியும் அதே டிக்.

பக்கத்து வீட்டுத் தம்பி டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்தான். சிவப்பை பிளஸ்ஸில் மாட்டிவிட்டு, கறுப்பை பாடியில் வைக்கப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். 1967 வரை வந்த எம்ஜிபியில் பாடியோடு சேர்ந்திருப்பது பிளஸ். அவன் வைத்திருந்தால் டிராக்டர் பேட்டரி நேராக ஷார்ட் ஆகியிருக்கும். பழைய வண்டிக்கு ஜம்பர் போடும் முன் எது எர்த், அதாவது எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.

கடைசியில் திருவாரூரிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தோம். லாரி, டிராக்டர் வயரிங்கிலேயே தலை நரைத்தவர். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துக்கொண்டு, "சாவியத் திருப்புங்க தம்பி" என்றார். 12.6 இருந்தது 12.3க்குத்தான் இறங்கியது. "பேட்டரி செத்திருந்தா ஒம்பதுக்குக் கீழ போயிருக்கும். கரண்ட்டே சரியா ஓடல, அதான் இறங்கல" என்றார். அப்புறம் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைப் பாடியிலும் வைத்துத் திருப்பச் சொன்னார். 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! கால் வோல்ட்கூட வரக்கூடாத இடம் அது.

"இப்ப சோக் கேபிளத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வெந்நீர்ச் சொம்பைத் தொட்டதுபோல் சுட்டது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை செத்துப்போனதால், செல்ஃபுக்கான கரண்ட், டேஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் அந்த மெல்லிய கம்பிக் கேபிள் வழியே போகப் பார்த்திருக்கிறது. இன்னும் நாலைந்து தடவை திருப்பியிருந்தால் கேபிளே உருகியிருக்கும் என்றார்.

அடியில் படுத்துப் பட்டையைக் கழற்றினோம். பின்னல் செம்பு பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. வளைத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எங்கள் ஊர் ஈரத்துக்கு ஓடாத வண்டியில் முதலில் கெடுவது இந்த மாதிரி இணைப்புகள்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முறுக்கியபின் மேலே வாசலின் தடவினார். மறுபடி திருப்பினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே 0.1. இரண்டாவது சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. திண்ணையில் இருந்த அம்மா சத்தம் கேட்டு எழுந்து வந்துவிட்டார்.

போகும்போது எலக்ட்ரீஷியன் சொன்ன இன்னொன்று: கொட்டகையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதில் பயனில்லை. இதில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது பழைய வகை டைனமோ. ஐடிலில் சார்ஜ் ஏறாது, செல்ஃப் எடுத்ததுதான் நஷ்டம். அதனால் இப்போது மாதம் இருமுறை நீடாமங்கலம் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். வந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுகிறேன். கழற்றிய பழைய பட்டையைக் கொட்டகை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.