24 எச்.பி. மினி டிராக்டருக்கு ரோட்டாவேட்டர்: 3 அடியா, 3½ அடியா, 4 அடியா?

கோபி_தோட்டம்

வணக்கம்ங்க. 24 எச்.பி. நாலு வீல் டிரைவ் மினி டிராக்டருக்கு ரோட்டாவேட்டர் (சுழலுற பிளேடால மண்ணைக் கொத்திப் புரட்டுற கருவி) எடுக்கணும். நிலம் கோபிச்செட்டிபாளையம் பக்கம், சரளை கலந்த செம்மண், கிணத்துப் பாசனம். மஞ்சள் மூணு ஏக்கர், வாழை ஒன்றரை ஏக்கர் (6-க்கு 6 அடி), தென்னை ரெண்டு ஏக்கர் (25 அடி இடைவெளி). கடையில 4 அடியே எடுங்க, வேலை சீக்கிரம் முடியும்னு சொல்றாங்க. மூணு விஷயம் தெளிவாகணும்: எத்தனை அடி? பிளேடைச் சுத்த வைக்கிறது கியர் டிரைவா, செயினா? பிளேடு எல் வடிவமா, சி வடிவமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டறைக்காரர்

கடைக்காரர் சொல்றதை ஓரமா வெச்சுட்டு டேப்பை எடுங்க. பின் டயர் ரெண்டுக்கும் வெளிப்பக்கம் தூக்குக்குண்டு விட்டுத் தரையில புள்ளி வெச்சு, வெளிக்கு வெளி எத்தனை அங்குலம்னு அளங்க. ரோட்டாவேட்டர் வெட்டுற அகலம் அந்த அளவுக்குக் குறையாம இருக்கணும். குறைஞ்சா டயர் நசுக்கின தடம் ரெண்டு ஓரத்துலயும் வெட்டுப்படாம நிக்கும். அடுத்த சால்ல டயர் உழுத மண் மேலயே ஏறும். கொஞ்சம்தான் குறையுதுன்னா ஃபிரேமுல டிராக்டரோட மாட்டுற தகட்டை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு டயர் தடத்தையாவது மூடலாம்.

அடுத்தது சக்தி. இன்ஜின் 24 எச்.பி.ன்னா பி.டி.ஓ.வுக்கு (கருவியைச் சுத்த வைக்கிற, வண்டியோட பின்பக்க ஷாஃப்ட்) வர்றது 20, 21 தான். செம்மண் காய்ஞ்சு இறுகிக் கிடந்தா ஒரு அடி அகலத்துக்கு 5 முதல் 6 எச்.பி. வேணும். 4 அடின்னா 20 முதல் 24 ஆகுது. ஈரப்பதம் சரியா இருக்கிற நாள்ல 4 அடி ஓடும். சரளைக் காட்டுல கொஞ்சம் காய்ஞ்ச இடம் வந்தாலே இன்ஜின் மூச்சு வாங்கும். கிளட்சை மிதிச்சு மிதிச்சு ஓட்ட வேண்டி வரும்.

கூடவே ஹைட்ராலிக் எவ்வளவு தூக்கும்னு பாருங்க. இந்த ரக வண்டிகள் 500 முதல் 750 கிலோ வரை தூக்கும், அதனால தூக்குறதுக்குப் பிரச்சினை இல்லை. ஆனா கனமான ரோட்டாவேட்டரைத் தூக்கிட்டு வரப்பு ஏறினா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. முன்னாடி வெயிட் பிளேட் போட இடம் இருக்கான்னு பார்த்துக்குங்க.

வாழைத்தோப்பு

அகலத்தை முடிவு பண்ண வேண்டியது வாழைதான். 6 அடி இடைவெளின்னா 72 அங்குலம். தண்டும் பக்கக் கன்றும் சேர்த்து ஒரு அடி போனா மிச்சம் 60. 4 அடி ரோட்டாவேட்டர் 48 அங்குலம், பக்கத்துக்கு ஆறே அங்குலம்தான் இருக்கும். ஸ்டியரிங் கொஞ்சம் ஒதுங்கினாலும் வேர் போச்சு. 3½ அடின்னா பக்கத்துக்கு 9 அங்குலம் கிடைக்கும். அதையும் நட்டு முதல் மூணு மாசம் வரைக்கும்தான் ஓட்டணும், ஆழம் 3 அங்குலத்துக்கு மேல விடக் கூடாது. வாழை வேர் மேலாக்கவே பரவுறது, அதுக்கப்புறம் ஓட்டினா களையை விட வேர்தான் அதிகமா அறுபடும்.

தென்னையில மரத்தைச் சுத்தி 6 அடி விட்டுடுங்க. 25 அடியில ரெண்டு பக்கமும் 6 அடி போனா நடுவுல 13 அடி. 3½ அடியில நாலு சால். 4 அடியிலும் மூணு சால்ல 12 அடிதான் ஆகுது, நாலாவது சால் ஓட்டியே ஆகணும். அப்ப பெருசு வாங்கி மிச்சம் என்ன? விழுந்த மட்டையெல்லாம் பொறுக்கின பிறகு இறக்குங்க, அடிமட்டை உள்ள சிக்கினா பிளேடு வளையும்.

சமவெளி_உழவர்

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்க. மணிக்கு 3 கி.மீ. வேகம், திரும்புறதும் சால் மேல சால் விழுறதும் போக 80 சதவீதம்னு வெச்சா, 4 அடியில ஒரு ஏக்கர் ஏறக்குறைய 1 மணி 25 நிமிஷம். 3½ அடியில 1 மணி 35 நிமிஷம். பத்து நிமிஷத்துக்காக வண்டியை வதைக்க வேண்டாம்.

வேகத்தைத்தான் நிறையப் பேர் தப்பாப் பிடிக்கிறாங்க. ரோட்டர்ங்கிறது பிளேடு மாட்டின சுழல் தண்டு. அதுல ஒரு ஃபிளேஞ்சுக்கு (பிளேடு மாட்டுற வட்டத் தட்டு) ஆறு பிளேடு, மூணு இடது, மூணு வலது. ரோட்டர் நிமிஷத்துக்கு 200 சுத்து சுத்தினா ஒரு பக்கம் 600 வெட்டு. வண்டி 3 கி.மீ.ல போனா நிமிஷத்துக்கு 50 மீட்டர், அதாவது ஒரு வெட்டுக்கு 8 செ.மீ. மண் வரும். 2 கி.மீ.க்குக் குறைச்சா அஞ்சரை செ.மீ. மஞ்சளுக்குப் பார் போடுறதுக்கு முன்னாடி மண் பொலபொலன்னு வேணும்னா கியரைக் குறைங்க, ரோட்டரை வேகமாச் சுத்த விடாதீங்க. மாவா அரைச்ச செம்மண் அடுத்த தண்ணிக்கே மேல பொருக்குத் தட்டிப் போகும்.

பதம் பார்க்கிறது எப்படின்னா, நாலு அங்குல ஆழத்துல மண்ணை எடுத்துக் கையில பிடிங்க. உருண்டை நிக்கணும், கட்டை விரலால அழுத்தினா உதிரணும். அழுத்தினா வழவழன்னு நசுங்கினா ஈரம் அதிகம். ஓட்டினா அடியில மெழுகின மாதிரி ஆயிடும். வருஷம் முழுக்க ரோட்டாவேட்டர் மட்டுமே ஓட்டுற நிலத்துல 5, 6 அங்குலத்துக்குக் கீழ எப்படியும் இறுகல் வரும். அதை உடைக்க உளிக்கலப்பை வேணும், அதுக்குப் பெரிய டிராக்டரை வாடகைக்கு எடுத்துக்குங்க.

பட்டறைக்காரர்

கியரா செயினான்னு கேட்டிருந்தீங்க. சரளைக் காட்டுக்குக் கியர்தான் என் பேச்சு. செயின் விலையும் எடையும் குறைவு, அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கும். ஆனா இழுபட்டுத் தொய்யும், டென்ஷனரைக் கவனிக்காம விட்டா உள்ள கேஸை உராயும். கியர் டிரைவ் எடுத்தா பி.டி.ஓ. ஷாஃப்ட்டுல ஸ்லிப் கிளட்ச் (சுமை மீறினா வழுக்கி விடுறது) இல்லைன்னா ஷியர் போல்ட் (சுமை மீறினா உடையுறது) கட்டாயம் இருக்கணும். ஷியர் போல்ட் அடிக்கடி உடையுதுன்னு உறுதியான போல்ட்டை மாட்டுறது பெரிய தப்பு. உடைய வேண்டியது அந்தப் போல்ட். அது உடையலைன்னா கியர் பல்லு போகும். புத்தகத்துல என்ன கிரேடு போட்டிருக்கோ அதையே நாலஞ்சு வாங்கி டூல் பாக்ஸ்ல வெச்சுக்குங்க.

பிளேடு உங்களுக்கு எல் வடிவம் போதும். காய்ஞ்ச தோட்ட நிலத்துக்கும் களைக்கும் அதுதான். சி வடிவம் சேத்து உழவுக்கும் ரொம்ப இறுகின மண்ணுக்கும். ரெண்டையும் ஒரே ரோட்டர்ல கலக்காதீங்க. மாத்தும்போது வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, ஃபிரேமுக்கு அடியில மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கையை வைக்கணும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பக் கூடாது. கூர்ப்பக்கம் முதல்ல மண்ணுல இறங்குற மாதிரி மாட்டணும். திருப்பி மாட்டினா முதுகு மண்ணை அடிக்கும், வண்டி குதிக்கும். சரளையில பிளேடு சீக்கிரம் தேயும், ஒண்ணு மட்டும் புதுசு போட்டா அதிர்வு வரும்.

கோபி_தோட்டம்

ரொம்ப நன்றிங்க. அளந்தாச்சு. டயரைக் குறுகலா வெச்சா வெளிக்கு வெளி 41 அங்குலம். பி.டி.ஓ.வுல நிமிஷத்துக்கு 540 சுத்து, 750 சுத்துன்னு ரெண்டு வேகம் இருக்கு. எதுல ஓட்டணும்? அப்புறம் மானியத்துக்கு என்ன செய்யணும்?

சமவெளி_உழவர்

மானியத்துக்கு வாங்குறதுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும். உழவன் செயலியிலயோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துலயோ பதிவு பண்ணுங்க. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மத்தவங்களை விடக் கூடுதலாக் கிடைக்கும். உச்ச வரம்பு உண்டு. அங்கீகரிச்ச பட்டியல்ல இருக்கிற மாடலா இருக்கணும்.

பட்டறைக்காரர்

41 அங்குலத்துக்கு 3½ அடி, அதாவது 42 அங்குலம், அப்படியே பொருந்தும். 540-லயே ஓட்டுங்க. 540-க்குச் செஞ்ச ரோட்டாவேட்டரை 750-ல போட்டா 200 சுத்து 278 ஆகும். பேரிங், பிளேடு, டீசல் எல்லாத்துக்கும் கேடு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க வண்டியில கருவி மாட்டுற இணைப்பு கேட்டகரி 1-ஆ, அதுலயே குறுகலான 1-என் ரகமான்னு கேட்டுக்குங்க. கீழ மாட்டுற ஆணியோட கனம் ரெண்டு ரகத்துக்கும் 22 மி.மீ. தான், லோயர் லிங்க் (கருவியைத் தூக்குற கீழ்க் கை) ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம்தான் வேற. கடையில மாட்டிப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

பி.டி.ஓ. ஷாஃப்ட்டை வந்தபடியே மாட்டிடாதீங்க, மினி டிராக்டருக்குப் பெரும்பாலும் நீளமா இருக்கும். ரோட்டாவேட்டரை மெதுவா ஏத்தி இறக்கி, ரெண்டு முனையும் எங்க ரொம்ப நெருங்குதுன்னு பாருங்க. அந்த நிலையில ஷாஃப்ட்டோட ரெண்டு பாதியையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு, முட்டாம ஒரு அங்குலம் இடம் விட்டுக் குறி வைங்க. உள் குழாய், வெளிக் குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாத்தையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால தேய்ச்சு கிரீஸ் போடுங்க. முழுசா விரிஞ்ச நிலையிலும் மூணுல ஒரு பங்காவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும். நீளமா விட்டா தூக்கும்போது முட்டி வண்டியோட பி.டி.ஓ. பேரிங்கை உடைக்கும். உறையைக் கழட்டிப் போட்டுடாதீங்க. வேட்டி, துண்டோட சுத்துற ஷாஃப்ட் கிட்டப் போகவே கூடாது.

உங்க தோட்டத்துல முதல்ல போற உதிரி ரோட்டர் ஓரத்து சீல்தான். வாழை நாரும் சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் ஷாஃப்ட்டுல சுத்தி, சூட்டுல இறுகி, கம்பி மாதிரி சீலுக்குள்ள புகும். அப்புறம் ஆயில் கசியும், அந்த வழியா மண் போய் பேரிங்கை அரைக்கும். ஒவ்வொரு நாள் வேலை முடிஞ்சதும் இன்ஜினை அணைச்சு, ரெண்டு ஓரத்துலயும் சுத்தினதை அரிவாளால அறுத்து எடுங்க. புது ரோட்டாவேட்டர்ல முதல் நாள் ரெண்டு மணி நேரம் ஓட்டின உடனே பிளேடு போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவை முடுக்கிடுங்க, பெயின்ட் மேல முடுக்கினது அதுக்குள்ள தளர்ந்திருக்கும்.