அந்தக் கம்பியைக் கழற்றாதே

குழு: அருவங்காட்டு வீடு
ஞாயிறு

கார்த்தி, மாலை 7:42
எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒஹாயோவில் காலை பத்து மணி. ஒரு விஷயம் சொல்கிறேன், அத்தை திட்டக் கூடாது. பழைய ராணுவ ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

அத்தை, 7:43
எதற்குடா? அங்கே திருடன் வருகிறானா?

கார்த்தி, 7:45
சுவரில் மாட்டத்தான் அத்தை. தாத்தா நம் குன்னூர் வெலிங்டனில் பட்டாள ரெக்ரூட்டாக இருந்தபோது தூக்கிய அதே .303. வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கி ஃபேக்டரியில் செய்தது. கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ., அப்புறம் 1943 என்று அடித்திருக்கிறது.
[4 படங்கள்]

சித்தப்பா, 7:49
அடடா. த்ரீ நாட் த்ரீ! ஜி.ஆர்.ஐ. என்றால் ஜார்ஜ் மன்னர். 47க்கு முன்னால் செய்த சரக்கு. இங்கே நாம் ஆசைப்பட்டாலும் இந்த .303 குழல் அளவு தனியாருக்குக் கிடையாது. எஸ்டேட்காரர்கள் வைத்திருந்தது இதே ஜாடையில் .315.

கார்த்தி, 7:52
பார்க்க நன்றாக இல்லை சித்தப்பா. கட்டை முழுக்கக் கறுப்பு அழுக்கு, மூன்று இடத்தில் பள்ளம். முன்பக்கம் யாரோ கம்பியைச் சுற்றிச் சுற்றி சாலிடர் வைத்திருக்கிறார்கள். உடைந்ததை ஒட்டுப் போட்டிருப்பார்கள் போல. கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, மிஷின் வைத்து உப்புத்தாள் போட்டு, மூன்று கோட் வார்னிஷ் அடிக்கலாம் என்று இருக்கிறேன். இரும்புக்குப் புது புளூயிங், அதான் அந்தக் கருநீல நிறம் ஏற்றுவது. அடுத்த சனிக்கிழமை வேலை ஆரம்பம்.

நித்யா, 7:53
அண்ணா, கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிவிடாதே 😄

சித்தப்பா, 7:55
செய்யட்டும். பட்டாளத்தில் அழுக்குத் துப்பாக்கியோடு நின்றால் அன்றைக்கு எக்ஸ்ட்ரா டிரில். அப்பா பித்தளைக்கு பிராஸோ போட்டுத் தேய்த்துத் தேய்த்தே விரல் ரேகை போனது என்பார்.

பெரியப்பா, 8:10
கார்த்தி. கையை எடு. எதையும் தொடாதே. டைப் அடிக்க நேரமாகிறது, பொறு.

கார்த்தி, 8:10
சரி பெரியப்பா.

பெரியப்பா, 8:21
அந்தக் கம்பி ஒட்டுப் போட்டது இல்லை. அது கிரெனேடு எறியும் ரைபிள். குழல் வாயில் ஒரு கிண்ணத்தை மாட்டி, அதில் மில்ஸ் என்ற கையெறி குண்டை வைத்து, தோட்டாத் தலை இல்லாத வெற்றுத் தோட்டாவால் தள்ளுவார்கள். அந்த உதை குழலையும் கட்டையையும் பிளக்கப் பார்க்கும். பிளந்தாலும் பிடித்திருப்பவன் கை போகக் கூடாது என்றுதான் கம்பி சுற்றி சாலிடர் வைத்தது. உன் ரைபிளுக்கு இருக்கும் ஒரே சொந்தக் கதை அதுதான். அதை நீ கட்டிங் பிளேயரால் வெட்டப் போகிறாய்.

பெரியப்பா, 8:22
இன்னொன்று. அப்படி உதை வாங்கிய குழலில் நிஜத் தோட்டா போட்டுச் சுட நினைக்கவே நினைக்காதே. துப்பாக்கி தெரிந்த ஆள் பிரித்துப் பார்க்காமல் கிட்டவே போகாதே.

கார்த்தி, 8:24
ஐயோ. சனிக்கிழமை வரை காத்திருக்காமல் நேற்றே வெட்டப் போனேன் பெரியப்பா. பிளேயர் கிடைக்கவில்லை.

அத்தை, 8:25
முருகா.

சித்தப்பா, 8:31
அண்ணா, கம்பி சரி. மற்றதை ஏன் தடுக்கிறீர்கள்? பட்டாளமே இதைப் பலமுறை பிரித்துப் புதுசாக்கியிருக்கும். எஃப்.ஆர். என்று அடித்திருந்தால் ஃபேக்டரி ரிப்பேர். கட்டை மாறியிருக்கும், கறுப்பு மாறியிருக்கும். எதை ஒரிஜினல் என்று காப்பாற்றுவது?

பெரியப்பா, 8:40
நல்ல கேள்விதான். ஆனால் பட்டாளம் மாற்றியது வேலைக்காக. மாற்றிவிட்டு அதற்கும் முத்திரை அடித்து வைத்தது. அதுவும் அந்த ரைபிளின் வயசில் சேர்த்தி. இவன் செய்வது அழகுக்காக. கட்டையில் இன்ஸ்பெக்டர் அடித்த குறி அரை மில்லி ஆழம் இருக்குமா? மிஷின் ஒரு தடவை போனால் போச்சு. மரம் தேய்ந்து கீழே போகும், பின்னால் இருக்கும் பித்தளைத் தகடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். தேய்த்த கட்டையை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அத்தை, 8:44
அண்ணா சொல்வது எனக்குப் புரிகிறது. அம்மாவின் ஈட்டி மர அலமாரியை பாலிஷ் போடக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? கதவின் உள்பக்கம் அம்மா ஆணியால் பால் கணக்குக் கீறி வைத்திருந்தாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஒரு மூலையில் சேகர் அண்ணன் பிறந்த தேதி. அந்த ஆள் உள்பக்கத்தையும் சேர்த்து இழைத்துக் கண்ணாடி மாதிரி கொண்டுவந்தான். "உள்ளேயும் போட்டுட்டேம்மா, தனி காசு வேண்டாம்" என்றான். அவனை என்ன சொல்வது? உள்பக்கம் வேண்டாம் என்று நான்தான் சொல்லவில்லை.

நித்யா, 8:45
இது எனக்குத் தெரியவே தெரியாதே அத்தை.

கார்த்தி, 8:50
சரி, இழைக்கவில்லை. அப்படியே தொங்கவிடவா? ஓரமெல்லாம் சிவப்புத் துரு. தொட்டால் விரலில் வருகிறது.

பெரியப்பா, 8:58
விரலில் வரும் துருவை விட்டு வைக்கக் கூடாது, அது தின்றுகொண்டே இருக்கும். பழுப்பாகி அடங்கிப்போன நிறத்தை விட்டுவிடு. மெல்லிய ஸ்டீல் உல், அதான் எஃகு நாரை, எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல் தேய். புது புளூயிங் வேண்டாம்.
மரத்தில் இருப்பது பாதி கிரீஸ், பாதி கை அழுக்கு. டர்பென்டைன் தொட்ட துணியால் துடைத்தால் வரும். காய்ந்ததும் லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்துவிடு. இந்தக் கட்டைக்கு அந்தக் காலத்திலும் அந்த எண்ணெய்தான். வார்னிஷ் மேலே ஏடு மாதிரி நிற்கும், இது உள்ளே போகும்.

அத்தை, 9:01
பள்ளத்துக்கு நான் சொல்கிறேன். ஈரத்துணி மடித்து வைத்து மேலே இஸ்திரிப் பெட்டி. ஆவி பட்டால் நசுங்கிய மரம் எழுந்து வரும். சாப்பாட்டு மேஜைக்குச் செய்திருக்கிறேன்.

பெரியப்பா, 9:03
ராஜி சொல்வது சரி. ஆனால் முத்திரை இருக்கும் பக்கம் வேண்டாம். முத்திரையும் ஒரு பள்ளம்தானே, அதுவும் எழுந்துவிடும்.

சித்தப்பா, 9:06
குழலுக்கு உள்ளே? அப்பா கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிச் சொல்வாரே.

பெரியப்பா, 9:14
அந்தக் காலத் தோட்டாவில் பிரைமர், அதான் அடியில் மருந்துக்குத் தீ வைக்கும் சின்ன மூடி, வெடித்தால் குழலில் உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். குன்னூர் மூடுபனியில் ஒரே ராத்திரியில் துரு. எண்ணெய்க்கு உப்பு கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால்தான் புனல் வைத்து வெந்நீர். கார்த்தி ரைபிள் பல வருஷமாகச் சுடாததாக இருக்கும், எண்ணெய்த்துணி போதும்.
இந்தத் தோட்டாவில் கார்டைட், அதான் குண்டைத் தள்ளும் மருந்து, எப்படி இருக்கும் தெரியுமா? பிரித்தால் உள்ளே சேமியா மாதிரி குச்சி குச்சியாக நிற்கும். நான் வேலை பார்த்த நம் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி 1903ல் வந்ததே அந்தச் சேமியா செய்யத்தான்.

நித்யா, 9:15
இனி உப்புமா கிண்டும்போதெல்லாம் இதுதான் நினைவு வரும் 😂

பெரியப்பா, 9:17
கார்த்தி, முக்கியமானது இதுதான். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. லின்சீட் ஆயில் காயும்போது தானே சூடாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீர் டப்பாவில் முக்கி வை. 34 வருஷம் தீப்பெட்டியைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போனவன் சொல்கிறேன்.

கார்த்தி, 9:18
சரி பெரியப்பா.

சனி

கார்த்தி, இரவு 10:36
[3 படங்கள்]
துடைத்ததும் பின்கட்டையில் வெள்ளைப் பெயின்ட் நம்பர் தெரிந்தது. 117. அதன் மேல் எண்ணெய் போடவில்லை. கம்பியைத் தூசி தட்டியதோடு சரி.

சித்தப்பா, 10:41
ரேக் நம்பர். ஆயுதக் கொட்டடியில் அந்த நம்பருக்கு நேரேதான் நிற்க வேண்டும். கம்பி நன்றாகத்தான் இருக்கிறதடா.

அத்தை, 10:43
இஸ்திரி போட்டாயா?

கார்த்தி, 10:44
இரண்டு பள்ளம் எழுந்துவிட்டது அத்தை. மூன்றாவது முத்திரைக்குப் பக்கத்தில், விட்டுவிட்டேன்.

பெரியப்பா, 10:52
துணி?

கார்த்தி, 10:52
தண்ணீரில் இருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா, 10:53
படம் அனுப்பு.