சொந்த மென்பொருள் முயற்சிகளில் எவற்றை முன்வைப்பது?

கேள்வி: பாதிரிப்புலியூரான்

இளநிலைக் கணிதம் முடித்து, பி.எச்.பி., ஜேக்வெரி என்ற வலைநிரல் கருவிகளை நானாகவே கற்று, தற்போது கடலூரிலிருந்து நாள்தோறும் புதுச்சேரிக்குச் சென்று ஒரு சிறு நிறுவனத்தில் வலைத்தளங்கள் உருவாக்கி வருகிறேன். வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக எனக்கென ஒரு தளம் அமைக்கிறேன். பயிற்சி வகுப்பில் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு எழுதிய வானிலைச் செயலி, பணிப்பட்டியல், திரைப்படத் தேடல் ஆகியவை பார்க்க அழகாக இருக்கின்றன. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் மாமாவுக்காக எழுதிய கணக்குச் செயலியோ பி.எச்.பி.யில் இருக்கிறது, தோற்றமும் சுமார்தான். தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் நிரல் ஒன்று பாதியில் நிற்கிறது. எவற்றைக் காட்டலாம்? கணினிப் பட்டம் இல்லாததைச் சொல்லலாமா?

பதில்: முத்தியால்பேட்டைவாசி

மாமாவின் செயலியை முதலில் வையுங்கள், தம்பி. நேர்காணல் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணிப்பட்டியலைப் பார்த்துக் கேட்க எனக்கு ஒன்றுமே இருப்பதில்லை. முந்திரிக் கணக்கு என்றால் கேள்விகள் தாமாக வரும். டபிள்யூ 180, 240, 320 என்ற தரங்கள் ஒரு பவுண்டில் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதைக் குறிப்பதால், எண் கூடக்கூடப் பருப்பு சிறுக்கிறது, விலையும் இறங்குகிறது. உடைந்த பருப்புக்குத் தனித் தரங்கள் உண்டு. இதை எப்படி அட்டவணைகளாகப் பிரித்தீர்கள்? இன்று விலையை மாற்றினால் போன மாதப் பில்லும் மாறிவிடுமா, அல்லது விற்ற அன்றைய விலை பில்லிலேயே பதிவாகியிருக்கிறதா? இவற்றுக்கான விடையை ஒரு பத்தியில் எழுதி, செயலியின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும். பட்டத்தைப் பற்றி ஒரே வரி: கணிதம் படித்தேன், நிரலெழுத நானே கற்றேன். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பதில்: மஞ்சக்குப்பத்தார்

அகரவரிசை நிரலை விட்டுவிடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வழக்கமான வரிசைப்படுத்தல், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் தரப்பட்டுள்ள யூனிகோடு எண்களைத்தான் ஒப்பிடுகிறது. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே இருப்பதால் ‘பனி’ ‘பயிரு’க்கு முன்னால் வந்துவிடும், ழகரம் வகரத்துக்கு முந்தியிருப்பதால் ‘பழம்’ ‘பவள’த்தை முந்தும், புள்ளியின் எண் எல்லா மெய்களுக்கும் பின்னால் இருப்பதால் அகராதியில் முதலில் வரவேண்டிய ‘பக்கம்’, ‘பகலு’க்குப் பின்னே போய்விடும். அந்தந்த மொழியின் முறைப்படி வரிசைப்படுத்த ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டல் கொலேட்டரை (Intl.Collator) தமிழ் மொழிக்குறியுடன் பயன்படுத்தினால் இவை சரியாகிவிடும் என்பதால், முழு நிரலையும் நீங்கள் எழுதி முடிக்கத் தேவையில்லை. இந்த மூன்று எடுத்துக்காட்டுகளையும் இரு வகை வரிசைகளிலும் அருகருகே காட்டும் சிறு பக்கமே போதுமானது. பாதியில் நிற்கிறது என்ற குறையும் அதோடு போய்விடும்.

பதில்: வில்லியனூர் நிரலர்

மேலே சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். விண்ணப்பங்களை முதலில் சலிப்பவர் பெரும்பாலும் நிரலாளர் அல்லர். அவர் தேடுவது ரியாக்ட் என்ற சொல்லைத்தான். ஆகவே பயிற்சிச் செயலிகளில் ஒன்றையாவது வைத்திருங்கள்.

இன்னொன்று, இதுவே முக்கியம். மாமாவின் வாடிக்கையாளர் பெயர்களும் பாக்கித் தொகைகளும் நிரலின் மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஏறியிருந்தால், கோப்பை இன்று அழித்தாலும் பழைய கமிட்டுகளில் (சேமித்த பதிவுகளில்) அவை அப்படியே கிடக்கும். தரவுத்தளக் கடவுச்சொல்லுக்கும் இதே கதைதான். பொதுவில் திறப்பதற்குமுன் கற்பனைத் தரவுடன் புதிய களஞ்சியம் தொடங்குங்கள். மாமாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாதிரிப்புலியூரான்

அனைவருக்கும் நன்றி. விற்ற அன்றைய விலை பில்லிலேயே பதிவாகிறது. விலை நாளுக்கு நாள் மாறும் என்பதை மாமா தொடக்கத்திலேயே வற்புறுத்தியிருந்தார். புதிய களஞ்சியத்துக்கு மாதிரித் தரவு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று ரியாக்ட் செயலிகளில் எதை வைத்துக்கொள்ளலாம்?

வில்லியனூர் நிரலர்

திரைப்படத் தேடலை வையுங்கள். பயனர் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது முந்தைய தேடலின் விடை பிந்தி வந்து புதிய விடையின்மேல் விழாமல் எப்படித் தடுத்தீர்கள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு மட்டும் விடை வைத்துக்கொள்ளுங்கள்.