இலைக்கு அடித்துக்கொண்ட இரண்டு ஃபேக்டரிகள்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயி நான். தொழில் செய்பவர்கள் போட்டி போட்டால் உற்பத்தி தானாகப் பெருகும் என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் ஊரில் இரண்டு ஃபேக்டரிகளின் ஏஜெண்டுகள் பச்சை இலை எடுத்தார்கள். மெஷின் சும்மா நின்றாலும் ஃபேக்டரிக்குச் செலவுதான். அதனால் யார் வண்டி நிறைகிறது என்பதே போட்டி. முற்றல், காம்பு, மழைத்தண்ணீர் சொட்டும் சாக்கு, எதையும் தள்ளவில்லை. நாங்களும் கைப்பறிப்பை விட்டுக் கத்திரியால் வெட்டுவதற்கு மாறினோம். ஓர் ஆள் ஒரு நாளில் பறிக்கும் கிலோ கூடியது. காகிதத்தில் பார்த்தால் உற்பத்தித்திறன் உயர்வு! ஆனால் அந்த இலையில் அரைத்த தூளைக் குன்னூர் தேயிலை ஏலத்தில் சீந்துவாரில்லை. தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு 65, ஃபேக்டரிக்கு 35 என்பது பங்கு. ஏலத்தில் அடி விழுந்தால் இலை விலையிலும் விழும்.

அப்புறம் ஒரு ஃபேக்டரி வழக்கத்தை மாற்றியது. வண்டியருகே ஒரு பலகை. சாக்கின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள கொழுந்தை ஒரு பக்கமும் முற்றலை மறுபக்கமும் பிரித்து வைப்பார்கள். கொழுந்து பாதிக்கு மேல் இருந்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல். மோசமாக இருந்தால் சாக்கு வீட்டுக்குத் திரும்பிவிடும். முதலில் எல்லோரும் கோபித்துக்கொண்டு மற்ற வண்டிக்குப் போனார்கள். ஏலத்தில் பலகை வைத்த ஃபேக்டரியின் தூளுக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் மற்ற வண்டியருகிலும் பலகை வந்தது. கைப்பறிப்பு திரும்பியது. கிலோ குறைந்தது, கையில் நின்ற காசு கூடியது. ஆட்கள் அவர்களேதான், போட்டியும் அதேதான். எதற்காகப் போட்டி என்பதுதான் மாறியது.

பொருளாதார அறிஞர் வில்லியம் பாமல் 1990-ல் எழுதியது இதற்குப் பொருந்தும். தொழில் செய்பவரின் சாமர்த்தியம் நாட்டுக்கு உதவுமா, உதவாதா என்பது எந்த வழிக்கு லாபம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார் அவர். எங்களுக்கு அந்த வழியைக் காட்டியது ஒரு பலகை.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. சீசனில் இலை குவியும்போது ஃபேக்டரிகளால் அரைத்து மாளாது. அப்போது எங்கள் இலைக்குப் போட்டியே கிடையாது. நல்ல கொழுந்துக்கும் அந்த இரண்டு ரூபாய் நின்றுவிடுகிறது. பறிப்புக் கூலி மட்டும் அப்படியே இருக்கிறது. மஞ்சூர், குந்தா பக்கத்து நண்பர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கூட்டுறவு ஃபேக்டரிக்கு இலை போடுபவர்கள் அவசியம் எழுதுங்கள்.